எவர்சில்வரில் ஈயம் ஒட்டவில்லையா? ரிவெட் அடியுங்கள்

கேள்வி: பழைய எவர்சில்வர் தட்டை வெட்டி, மேலே செம்பு, பித்தளைத் துண்டுகள் வைத்துக் காதணியும் பதக்கமும் செய்கிறேன். சால்டரிங் அயனில் ஈயம் வைத்தால் செம்பில் பிடிக்கிறது, எவர்சில்வரில் உருண்டு ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலமாகிவிடுகிறது. துரு ஏறாமல் காப்பதும் ஈயத்தை ஒட்டவிடாததும் அந்தப் படலம்தான். ரேடியோ வேலைக்கான ரோசின் (பற்றவைக்கும்போது பூசும் பிசின்) அதைக் கரைக்காது, வெங்காரமும் போதாது. பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் (படலத்தைக் கரைக்கும் பூச்சு) போட்டால் பிடிக்கும். ஆனால் பற்று பலமாக இராது. உடம்பில் படும் பொருளில் ஈயமே வேண்டாம். வெள்ளிப் பற்றுக்குப் (வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டுவது) போவதானால் கேட்மியம் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். கேட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் செய்ய ரிவெட்தான் சரி, அதாவது துளையில் கம்பியை விட்டு இரு முனையையும் தட்டி விரிப்பது. தகடு 0.6 முதல் 0.8 மி.மீ. தடிமன் போதும். 1.5 மி.மீ. துளைக்கு 1.5 மி.மீ. செம்புக் கம்பி, இறுக்கமாக நுழைய வேண்டும். துளை தளர்ந்திருந்தால் தலை விரிவதற்குள் கம்பி உள்ளே வளைந்துவிடும். கம்பியை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகும். இருபுறமும் முக்கால் மி.மீ. நீட்டி வெட்டி, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு. எல்லாத் துளையையும் முன்கூட்டியே போடாதீர்கள். ஒன்றைப் போட்டு ரிவெட் அடித்துவிட்டு, இரண்டு தகட்டையும் சேர்த்து அடுத்த துளையைப் போட்டால்தான் நேராக வரும்.

பெரும்பாலும் வேலை கெடுவது துளையில்தான். வேகமாகச் சுற்றும் சாதாரண பிட் வெட்டாமல் உரசும், கீச்சிடும். உரசிய இடம் இறுகிவிடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று, ஒரு சொட்டு எண்ணெய், விடாத அழுத்தம். சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இறுகிப்போனால் தகட்டைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து புது பிட்டால் முயலுங்கள். தகட்டைக் கட்டையோடு கிளாம்ப் போட்டே துளையிடுங்கள். கையில் பிடித்தால் பிட் சிக்கிச் சுழன்று விரலை அறுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

இரும்பைத் தேய்த்த எமரித் தாளும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஆகாது, ஒட்டிய இரும்புத் துகள் சில நாளில் பழுப்புப் புள்ளியாகும். தேய்த்து முடித்த எவர்சில்வரை 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். செம்பைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், அமிலம் செம்பை அரிக்கும். அலுமினியத்தை இதோடு சேர்க்காதீர்கள், வியர்வை பட்டால் குழி விழும்.

எவர்சில்வர் வகைகளை எண்ணால் குறிப்பார்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 430 வகை. ஒட்டாவிட்டால் 304 என்று முடிவுகட்ட முடியாது, மலிவான 202-லும் ஒட்டாது. 304 தட்டின் விளிம்பு மடிப்பில் லேசாக ஒட்டுவதும் உண்டு. ஆகவே எந்த வகை என்று உறுதியாகத் தெரியாததால், காதுத் துளைக்குள் போகும் கம்பியை மட்டும் ஸ்கிராப்பில் செய்யாதீர்கள். 316எல் எவர்சில்வர் அல்லது டைட்டானியம் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசலில் செய்த ஸ்க்ரூத் துண்டுகளும் வேண்டாம், பல 303 வகை. கந்தகம் கலந்த அந்த வகையிலிருந்து நிக்கல் அதிகம் கசியும், ஒவ்வாமை உள்ள காது புண்ணாகிவிடும்.