மால்களைக் கொன்றது யார்?

கேள்வி: அமெரிக்காவின் புறநகர் மால்களை ஆன்லைன் வியாபாரம்தானே கொன்றது? காலியான மால்களைக் கல்லூரி, மருத்துவமனை என்று மாற்றுவது நல்ல புது யோசனைதானே?

பதில்: பழி முழுவதையும் ஆன்லைன் மேல் போட்டுவிடாதீர்கள். 1954-ல் அமெரிக்க வரிச் சட்டம் மாறி, புதுக் கட்டடங்களின் தேய்மானத்தை, அதாவது பழசாகப் பழசாகக் குறையும் மதிப்பை, வரி கட்டும் வருமானத்திலிருந்து ஆரம்ப வருஷங்களிலேயே கூடுதலாகக் கழித்துக்கொள்ள வழி வந்தது. வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, வரி மிச்சமாகிறதே என்று ஊருக்கு வெளியே கட்டித் தள்ளினார்கள்.

அப்புறம் வாடகைக் கணக்கு. மாலின் இரு முனையிலும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கும். அதற்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் நடுவில் செருப்புக் கடையும் நகைக் கடையும் பிழைக்கும். பெரிய கடை காலி செய்தால் வாடகையைக் குறைக்கலாம் அல்லது கிளம்பிவிடலாம் என்று பல சிறு கடைகளின் ஒப்பந்தத்திலேயே ஷரத்து உண்டு. ஆக, ஒருவர் போனால் எல்லோரும் போகலாம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள்! ஒஹாயோவில் 1976-ல் உலகிலேயே பெரியது என்ற தம்பட்டத்தோடு திறந்த ராண்டல் பார்க் மால் 2009-ல் மூடப்பட்டது. அதை இடித்த இடத்தில் அமேசான் கிடங்கு திறந்தது 2018-ல்தான்.

சரி, புது யோசனைக்கு வருவோம். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன். மினசோட்டாவின் இடைனாவில் 1956-ல் திறந்த சவுத்டேல் அவர் வடிவமைத்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே எப்போதும் வசந்தம். முழுக்க மூடிய புறநகர் மால்களுக்கு அதுதான் முன்மாதிரி. அவர் திட்டத்தில் வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரிகூட இருந்தன. மற்றவர்கள் கடையையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும் காப்பியடித்தார்கள், காசு அதில்தானே! மனம் கசந்த க்ரூயன், முறைதவறிப் பிறந்த இவற்றுக்கு ஜீவனாம்சம் தர முடியாது என்று கடைசியில் கைகழுவிவிட்டார்.

இன்று டெக்சஸின் ஆஸ்டினில் இருந்த ஹைலேண்ட் மால் ஒரு கம்யூனிட்டி கல்லூரி, அதாவது உள்ளூர் மக்களுக்கான அரசுக் கல்லூரி. ஜே.சி.பென்னி என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் துணி விற்ற தளத்தில் 600-க்கும் மேற்பட்ட கணினிகளைப் போட்டு மாணவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நாஷ்வில்லின் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலில் கீழே கடைகள், மேலே வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பிரிவுகள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதுசு என்று விற்காதீர்கள். ஐம்பதுகளில் ஓரங்கட்டிய திட்டம் இது. சவுத்டேலுக்குப் பக்கத்திலேயே இப்போது அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. கார் நிறுத்துமிடத்தில் ஒரு பகுதியை எடுத்துத்தான் கட்டினார்கள்.