ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் என்னாகும்?

கேள்வி: நான் இந்து ஆதிதிராவிடர், வயது 29. கணவரும் ஒரு மகனும் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகச் சபைக்குப் போகிறேன். ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்துவிட்டேன். எடுத்தால் விவாகரத்துதான் என்கிறார் கணவர். நிலத்தில் பங்கில்லை என்கிறார் அப்பா. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பதால், "ஞானஸ்நானம் எடு, சான்றிதழை மட்டும் மாற்றாதே" என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தரும் உரிமை இது. 2002இல் வந்த தமிழ்நாட்டு மதமாற்றத் தடைச் சட்டமும் 2004லேயே விலக்கப்பட்டுவிட்டது.

சபையில் சொன்ன யோசனையை மட்டும் கேட்காதீர்கள். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பும் ஊரில் இந்தப் பத்தி பெரும் அநியாயம் என்பதே என் கருத்து. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

மறைத்தால் மாட்டிக்கொள்வது எளிது. சபையின் ஞானஸ்நானப் பதிவேடே சாட்சி. புதுச்சேரி செல்வராணி வழக்கில் (26.11.2024), ஞானஸ்நானம் பெற்று வழிபாட்டுக்கும் போய்வந்தவர், வேலைக்காக இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். பொய்ச் சான்றிதழில் பெற்ற வேலை எத்தனை ஆண்டு கழித்தும் பறிபோகும் என்று 2017லேயே தீர்ப்பு உண்டு.

நேர்வழி இதுதான். ஞானஸ்நானச் சான்று, பழைய சாதிச் சான்றிதழ் இரண்டையும் வைத்து இ-சேவை மையத்தில் புதுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டு, போட்டி கடுமையான 26.5 சதவீதத்துக்குள் போகிறீர்கள். சில பதவிகளுக்கு உயர் வயது வரம்பும், அதோடு கட்டணச் சலுகையும் குறையும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இனி நம்ப முடியாது. மதம் மாறியவருக்கு அது பொருந்தாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. இந்த இழப்புகளைத் தெரிந்தே ஏற்கும் துணிவு இருந்தால் மட்டும் முடிவெடுங்கள்.

அப்பாவின் மிரட்டலுக்குச் சட்டபலம் இல்லை. மதம் மாறியதால் வாரிசுரிமை போகாது. 1850ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் காத்தது; இன்றைய இந்து வாரிசுரிமைச் சட்டமும் மதம் மாறியவரை விலக்கவில்லை. ஆனால் தன் சுயசம்பாத்திய நிலத்தை அவர் உயில் எழுதி வேறு யாருக்கும் கொடுக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 26ஆவது பிரிவின்படி, ஞானஸ்நானத்துக்குப் பின் பிறக்கும் குழந்தைகள், சொத்து இறங்கும்போது இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் பங்கு கேட்க முடியாது. இப்போதுள்ள மகனுக்கு இது பொருந்தாது.

கணவர் விஷயம்தான் கடினம். ஞானஸ்நானத்தால் திருமணம் தானாக முறியாது. ஆனால் இந்து திருமணச் சட்டம் 13(1)(ii) அவருக்கு விவாகரத்து கேட்கும் உரிமையைத் தருகிறது. அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் கேட்க முடியாது. இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படியான ஜீவனாம்சம் போகும். ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144ஆவது பிரிவில் எந்த மதத்தவரும் ஜீவனாம்சம் கேட்கலாம். மகனின் காவலை நீதிமன்றம் அவன் நலனைப் பார்த்தே முடிவுசெய்யும். அடித்தாலோ வீட்டைவிட்டு விரட்டினாலோ 181க்கு அழையுங்கள்; குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் உண்டு.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு எந்தத் தேர்வுக்கும் பழைய சான்றிதழோடு விண்ணப்பிக்காதீர்கள். புதியது கைக்கு வந்ததும் டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவில் மதத்தையும் வகுப்பையும் திருத்திவிட்டு, அதன் பிறகே அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.