சோமாலியக் குடும்பங்களின் உடல்நலம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரில் சோமாலியர்கள் நெருக்கமாக வாழும் சீடர்-ரிவர்சைடு பகுதிக்குப் பக்கத்தில் நர்ஸாக வேலை செய்கிறேன். 1991-இல் சோமாலியாவில் சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின், பலர் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்: ஒரே வீட்டில் நாலு பேருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1. கணவன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பதிவில் தப்பா?

தப்பில்லை. அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் அப்பா பெயரைத்தான் வைத்திருப்பாள். இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களுக்கு அகதிப் பதிவின்போது ஜனவரி 1 என்று எழுதிவிட்டார்கள்.

இதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. முகமது, அப்தி, அலி என்று பரவலான பெயர்களும் ஜனவரி 1-உம் சேர்ந்தால், ஒரே பெயர், ஒரே தேதியில் இரண்டு நோயாளிகள் ஒரே காலையில் வந்து உட்காருவார்கள். ரத்தக் குழாயில் லேபிள் ஒட்டும்முன் மூன்று பெயரையும் வீட்டு முகவரியையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். கூட வந்த பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

சென்னை மருத்துவ மாணவர்: இவர்கள் ஏன் தடுப்பூசியை எதிர்க்கிறார்கள்? மத நம்பிக்கையா?

இல்லை. 2004-இல் மினசோட்டாவில் இரண்டு வயது சோமாலியக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2014-இல் அது 42 சதவீதம். அதே மதம், அதே பள்ளிவாசல். நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2008 வாக்கில், சிறப்புக் கல்விக்கான பாலர் வகுப்புகளில் தங்கள் பிள்ளைகள் அதிகமாக இருப்பதைச் சோமாலியத் தாய்மார்கள் கவனித்தார்கள். 'எங்கள் குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு ஆட்டிசம்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் துறையில் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் நுழைந்தார்கள். பிரிட்டனில் மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே இங்கு வந்து பெற்றோர்களைச் சந்தித்தார். வெறும் 12 குழந்தைகளை வைத்து, இந்தத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998-இல் அவர் எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவருடைய மருத்துவ உரிமமும் பறிபோனது. ஆனால் அவர் தாய்மார்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். நாம் கேட்கவில்லை.

2017-இல் தட்டம்மை பரவி 75 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சோமாலியக் குழந்தைகள்.

ஊசி வேண்டாம் என்று சொல்லும் தாயிடம் நான் புள்ளிவிவரம் சொல்லித் தொடங்குவதில்லை. 'எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். 'அக்கா மகன் பேசிக்கொண்டிருந்தான், ஊசிக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது' என்பார்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியத் தொடங்கும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஒன்றாக வருவதை அப்போதுதான் விளக்க முடியும். இதையும் நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால்தான் செய்ய முடியும்.

டொராண்டோ வாசகர்: நீங்கள் மழுப்புகிறீர்கள். அவர்களிடம் ஆட்டிசம் அதிகம் என்று ஆய்வே சொன்னதே. நெருப்பில்லாமல் புகையுமா?

அந்த ஆய்வை முழுதாகப் படியுங்கள். 2013-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்டது. மினியாபோலிஸில் 7 முதல் 9 வயது சோமாலியக் குழந்தைகளில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையர்களில் 36 பேருக்கு ஒருவர். இந்த இரண்டுக்கும் நடுவே புள்ளியியல்படி பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. உண்மையில் வேறுபட்டது தீவிரம். ஆட்டிசம் உள்ள சோமாலியக் குழந்தைகளிடம் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருந்தது. ஆகவே தாய்மார்கள் பார்த்தது பொய்யல்ல. காரணம்தான் தவறாகச் சொல்லப்பட்டது.

அதே வாசகர்: காரணம் தெரியாதபோது தடுப்பூசி இல்லை என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

ஒரு வீட்டில் திருடியவன் யார் என்று தெரியாவிட்டாலும், அன்று ஊரிலேயே இல்லாதவனை விட்டுவிடலாம். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச விகிதத்தில் வித்தியாசமே இல்லை. காரணத்தை இன்னும் தேட வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்தத் தேடல் முடியும்வரை குழந்தைகள் தட்டம்மையில் படுக்க வேண்டாம்.

இன்னும் மூன்று பேர்: தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?

வராது. மேலே எழுதியிருக்கிறேன்.

லண்டன் மருந்தாளுநர்: ரமலானில் சர்க்கரை நோயாளிகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நோன்பு தொடங்க ஒன்றிரண்டு மாதம் முன்பே பேச்சை எடுங்கள். நோயாளிக்கு நோன்பிலிருந்து குர்ஆனிலேயே விலக்கு உண்டு. ஆனாலும் பலர் நோன்பு வைக்கத்தான் செய்வார்கள், டாக்டரிடம் சொல்லாமல். 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவார்கள். மெட்ஃபார்மினால் மட்டும் சர்க்கரை அதிகம் இறங்காது. நேரத்தை இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும் நேரம்) சஹருக்கும் (விடியலுக்கு முந்திய சாப்பாடு) மாற்றினால் பெரும்பாலும் போதும். கிளிபென்கிளமைடு வகை மாத்திரையும் இன்சுலினும்தான் ஆபத்து, அளவை டாக்டர் மாற்றியே ஆகவேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் உடனே நோன்பை முறிக்க வேண்டும்.

அப்புறம், சாப்பாடு. சோற்றோடு வாழைப்பழம், பாஸ்தா, நிறையச் சர்க்கரை போட்ட ஏலக்காய்த் தேநீர். தேநீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ், கிளாஸுக்கு எத்தனை ஸ்பூன் என்று கேட்டாலே பாதிக் கணக்கு தெரிந்துவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: அங்கே பெண்களுக்குச் செய்யும் 'அந்தச் சடங்கு' பற்றி விவரமாக எழுதுங்களேன்.

வேடிக்கைக்காக விவரிக்க மாட்டேன். பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு மட்டும்: சோமாலியாவில் வளர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிறப்புறுப்பு வெட்டப்பட்டிருக்கும், பலருக்குத் தைத்தும் இருப்பார்கள். கர்ப்பகாலத்திலேயே கேளுங்கள், தையலைத் திறப்பது பற்றி அப்போதே பேசுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். இது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. சிசேரியன் என்றால் அவர்களுக்கு உயிர்ப்பயம், அதனால் சிலர் பரிசோதனைக்கே தாமதமாக வருகிறார்கள். கணவரையோ மகளையோ மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

நான்கு பேர்: மூத்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருகிறதே, அவசரத்துக்கு உதவினால் என்ன?

அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைப் பன்னிரண்டு வயது மகன் வாயால் சொல்லவைப்பீர்களா? அவன் பாதியை மறைப்பான். தொலைபேசியில் சோமாலி மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். அரசு நிதி வாங்கும் மருத்துவமனை நோயாளிக்கு இலவசமாகத் தரவேண்டிய சேவை அது. சோமாலியில் அச்சிட்ட தாளை மட்டும் கொடுத்துக் கடமையை முடிக்கவும் வேண்டாம். அந்த மொழி அரசு வழக்கில் லத்தீன் எழுத்துக்கு வந்ததே 1972-இல்தான். படிக்கத் தெரியாத பாட்டிகள் உண்டு. குரல் பதிவாக அனுப்பினால் கேட்பார்கள், நாலு பேருக்கும் அனுப்புவார்கள்.

குடியேற்ற விசா பற்றிக் கேட்ட இருவர்: வழக்கறிஞரைப் பாருங்கள்.

மினியாபோலிஸ் வாசகி: மாடி வீட்டு சோமாலிய அம்மாவின் பையனுக்கு இரண்டரை வயது. பேச்சே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அந்த அக்கா ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறார். நான் தலையிடலாமா?

தலையிடுங்கள், அவருடைய சம்மதத்தோடு. மினசோட்டாவில் 'ஹெல்ப் மீ க்ரோ' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். குழந்தையைப் பரிசோதிக்கக் கட்டணம் இல்லை, டாக்டர் சீட்டும் தேவையில்லை. ஆட்டிசம் என்ற சொல்லை நீங்கள் எடுக்க வேண்டாம். 'பேச்சு வர உதவி கிடைக்குமாம், சேர்ந்து போன் பண்ணுவோமா' என்று மட்டும் கேளுங்கள். காதுப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். மூன்று வயது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூப்பிடுங்கள்.