“என் வசத்தில் இல்லை” என்று எதைச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 46. 18 ஆண்டுகள் உழைத்த அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னிடம் வேலை கற்றுக்கொண்டவருக்குப் போய்விட்டது. தூக்கம் கெட்டிருந்த அந்த நாட்களில்தான் பண்டைய கிரேக்க, ரோமானிய மரபான ஸ்டோயிக் தத்துவத்தைப் படித்தேன். நம் வசத்தில் இருப்பது, இல்லாதது என்று அதன் ஆசிரியர்களில் ஒருவரான எபிக்டெட்டஸ் பிரித்துக் காட்டியது எனக்கு மருந்தாக இருந்தது. மேலாளரின் மனம் என் வசத்தில் இல்லை, விட்டுவிட்டேன். ஆனால், நான் கல்லாகிவிட்டேன் என்கிறாள் மனைவி. தம்பியும் என்னோடு பேசுவதில்லை. அம்மா பக்கவாதத்தில் பேச்சிழந்து, ஊரில் அவன் வீட்டில் படுத்திருக்கிறார். நான் போவதால் பேச்சு திரும்பிவிடப் போவதில்லை என்பதால் ஐந்து மாதமாகப் போகவில்லை, பணம் மட்டும் தவறாமல் அனுப்புகிறேன். கடைசியாகப் போனபோது அம்மா இடது கையால் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அது இருக்கட்டும். 18 ஆண்டுகள் உழைத்தவனை ஒதுக்கிவிட்டார்கள் என்பதை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. நான் அமைதியாக இருப்பது இவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

அன்புள்ள சகோதரருக்கு,

அந்த 18 ஆண்டுகளை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிட்டவர் அப்படி எழுதமாட்டார். அந்தக் காயம் நியாயமானதுதான். ஆனாலும், “அது இருக்கட்டும்” என்று நீங்கள் தாண்டிப்போன பொத்தானைப் பற்றியே நான் பேச வேண்டும்.

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். பேரரசர் டொமிஷியன் தத்துவ ஆசிரியர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபின் கிரேக்கத்தின் நிக்கோபோலிஸ் நகரில் பாடம் நடத்தியவர். அவரிடம் வந்த ஓர் அதிகாரி, தன் சிறு மகள் நோயுற்றுக் கிடந்ததைப் பார்க்கச் சகியாமல் ஓடிவிட்டதாகவும், அவள் தேறிவிட்டாள் என்ற சேதி வரும்வரை திரும்பவில்லை என்றும் சொன்னதை மாணவர் அர்ரியன் எழுதிவைத்திருக்கிறார். எபிக்டெட்டஸ் அவரைத் தேற்றவில்லை. பாசத்தால்தான் ஓடினீர்கள் என்றால், பாசமுள்ள தாயும் செவிலியும்கூட ஓடியிருக்க வேண்டுமா, நீங்கள் படுத்திருந்தால் உங்களை இப்படித் தனியே விட்டுப் போகும் பாசத்தை விரும்புவீர்களா என்று கேட்டார். மகளின் நோய் அந்த மனிதரின் வசத்தில் இல்லை. ஓடுவதும் உடனிருப்பதும் முழுக்க அவர் வசத்தில் இருந்தன.

உணர்ச்சியற்ற சிலையாக இருக்கக் கூடாது, மகனாகவும் சகோதரனாகவும் உறவைக் காக்க வேண்டும் என்று சொன்னவரும் இதே எபிக்டெட்டஸ்தான். உங்கள் மனைவி அவரைப் படிக்காமலேயே அதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கை உங்களைப் பிடித்திருந்தபோது எதுவும் செய்ய இயலாமல் நின்றீர்களே, அதுதான் உங்களால் தாங்க முடியாததாக இருந்தது. அந்த வலிக்குத் தத்துவத்தின் பெயரை வைத்துவிட்டீர்கள். இதை அமைதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. பணம் அனுப்புவது நல்லதே, ஆனால் தம்பி மனத்தாங்கல் கொண்டிருப்பது பணத்துக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

இந்த வாரமே ஊருக்குப் போங்கள். அம்மாவுக்கு அசையும் கை இருக்கும் இடது பக்கமாக உட்காருங்கள். பேச வைக்க முயல வேண்டாம். பொத்தானைப் பிடித்தால், அவராக விடும்வரை எழுந்திருக்காதீர்கள்.