வேர்டில் அடித்த இதழ் இணையத்திலும் அச்சு மாறாமல் வர

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு காலாண்டிதழை வேர்டில், பாமினி எழுத்துருவில் தயாரிக்கிறேன். கோப்பை அப்படியே இணையதளத்தில் ஏற்றினால் சிலருக்குத் தமிழே வருவதில்லை, ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றன. பக்கங்களும் இடம் மாறிவிடுகின்றன. அச்சில் இருப்பது போலவே தெரிய என்ன வழி?

பதில்: பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். வேர்டு கோப்பு வழக்கமாக எழுத்துருவின் பெயரை மட்டும்தான் சுமந்து செல்லும். படிப்பவரின் கணினியில் அது இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். வரி உடையும், பக்கம் நகரும். பிடிஎஃப்புக்குள் எழுத்துருவே பொதிந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பாமினியிலேயே பிடிஎஃப் செய்துவிடாதீர்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். கூகுளுக்கு அது அம்மா இல்லை. உங்கள் இதழில் எழுதியவரின் பெயரைத் தேடினாலும் இதழ் சிக்காது. அதனால் முதல் வேலை யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள உலகப் பொது முறைக்கு, மாற்றுவது.

என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதற்கு இருக்கின்றன. இவற்றில் வெறும் உரையை ஒட்டி மாற்றும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும். நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து மாற்றிக் குதறிவிடும். எனவே கட்டுரை கட்டுரையாக மாற்றி, கூடவே மெய்ப்புப் பாருங்கள். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. பழைய இதழ்களை அவகாசம் கிடைக்கும்போது மாற்றலாம்; அடுத்த இதழை முதலிலிருந்தே யூனிகோடில் அடித்துவிடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும். இலவசம், கோப்புக்குள் பொதிக்கவும் தடையில்லை. எழுத்தின் அகலம் மாறுவதால் பக்க எண்களும் மாறும். பொருளடக்கத்தைப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

அப்புறம் பிடிஎஃப். பிரிண்ட் வழியாகப் போகாமல் 'சேவ் ஆஸ்' கொடுத்து பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் வழியில் இணைப்புகளும் தலைப்புக் குறிகளும் காணாமல் போகும். அங்கேயே 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் தலைப்புகளைப் புக்மார்க் ஆக்கும் வசதியும், பிடிஎஃப்/ஏ என்ற தேர்வும் இருக்கும். இரண்டையும் டிக் செய்யுங்கள். பிடிஎஃப்/ஏ என்பது ஆவணங்களை நெடுங்காலம் பாதுகாப்பதற்காக 2005-இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக வந்தது. எழுத்துருக்கள் உள்ளே பொதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. அளவைக் குறைக்கும் 'மினிமம் சைஸ்' வேண்டாம். அச்செடுப்பவருக்குப் படங்கள் மங்கிவிடும்.

சரி, யூனிகோடில் செய்தாயிற்று, இனி எல்லாம் தேடலில் கிடைக்குமா? முழுமையாகக் கிடைக்காது. பிடிஎஃப் எழுத்துகளை ஒலிக்கும் வரிசையில் வைப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கவே பார்க்கும். நம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் நிற்பவை. பிடிஎஃப்பிலிருந்து 'கொடி'யை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியே பிரிந்து முன்னால் விழுவது இதனால்தான். ஒரு வரியை வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள், உங்கள் கோப்பின் நிலை தெரிந்துவிடும்.

இதற்கு நான் சொல்லும் மருந்து: பிடிஎஃப்பை மட்டும் தனியே தொங்கவிடாதீர்கள். அதற்கான இணையப் பக்கத்திலேயே இதழின் பெயர், மாதம், கட்டுரைத் தலைப்புகள், எழுதியவர்கள், ஒவ்வொன்றிலும் முதல் பத்தி ஆகியவற்றைச் சாதாரண உரையாகப் போட்டு, கீழே பிடிஎஃப் இணைப்பைக் கொடுங்கள். தேடுபவர் பக்கத்துக்கு வருவார், அச்சு வடிவம் வேண்டியவர் இறக்கிக்கொள்வார். இணைப்புக்குப் பக்கத்தில் கோப்பு எத்தனை எம்பி என்றும் எழுதுங்கள். கைபேசியில் படிப்பவர்களே அதிகம் என்றால் ஏ4-ஐ விட ஏ5 தாள் அளவு நல்லது. பெரிதாக்கிப் பெரிதாக்கித் தள்ள வேண்டியிருக்காது.

கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால், இணைப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக நீண்டு, அனுமார் வாலாகிவிடும். பிழை திருத்தி மறுபடி ஏற்றும்போதும் அதே பெயரில் ஏற்றுங்கள். ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் செத்துப்போகாது.