தமிழ் வழியில் படித்தவர் இயற்பியல் பிஎச்டி நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேட்டவர் எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் இருக்கிறார். ஜெஸ்ட் (இயற்பியல் பிஎச்டி சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வு) தேர்வில் தேறி இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது, கையில் மூன்று வாரம். பிளஸ் டூ வரை தமிழ் வழி என்பதால் ஆங்கிலத்தை நினைத்தால் பயம் என்கிறார். நானும் அதே வழியில் வந்தவன். முதல் வருடம் தோற்று, அடுத்த வருடம் சேர்ந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வருடம் நடந்தது இது. ஊர் பேர் வேண்டாம். உள்ளே ஐந்து பேராசிரியர்கள், ஒரு போர்டு. "எந்தப் பாடம் பிடிக்கும்?" என்றார்கள். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் என்றேன். "சரி, தனி ஊசலின் அலைவு நேரம் எழுதுங்கள்." இரண்டு பை, வர்க்கமூலத்துக்குள் எல் வகுத்தல் ஜி (நீளம் வகுத்தல் புவியீர்ப்பு முடுக்கம்) என்று உடனே எழுதினேன். "வீச்சு 90 டிகிரி என்றால்?" "அதேதான் சார்." "ஏன்?" "சூத்திரத்தில் வீச்சே இல்லையே சார்."

அறை அமைதியாகிவிட்டது. ஓரத்தில் இருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நூலுக்குப் பதில் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசலைத் தலைகீழாக, நேர் மேலே நிறுத்திக் கையை எடுத்துவிடுகிறீர்கள். கீழே வர எவ்வளவு நேரம் ஆகும்?" அவர் வேறு கேள்விக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். சூத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் "தேங்க் யூ" சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரயிலில் மேல் பெர்த்தில் படுத்திருக்கும்போதுதான் புரிந்தது. சரியாக நேர் மேலே நிறுத்தினால் அது வரவே வராது, அங்கேயே நிற்கும். அப்படியென்றால் வீச்சு 180 டிகிரியை நெருங்க நெருங்க அலைவு நேரம் முடிவிலியை நோக்கிப் போகிறது. சின்ன வீச்சில் ஒரு மதிப்பு, அந்தப் பக்கம் முடிவிலி. அப்போது 90 டிகிரியில் மட்டும் எப்படி அதே மதிப்பாக இருக்கும்? அவர் விடையையே என் கையில் கொடுத்திருக்கிறார், எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. அந்தச் சூத்திரமே சைன் தீட்டாவுக்குப் பதில் தீட்டா என்று போட்டு வந்தது. கோணம் பெரிதாகும்போது சைன், தீட்டாவைவிடக் குறைவு. இழுக்கும் விசையும் சூத்திரம் நினைத்ததைவிடக் குறைவு, ஆகவே நேரம் கூடுகிறது. 90 டிகிரியில் சுமார் 18 சதவீதம் கூடும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 2 விநாடி என்பது கிட்டத்தட்ட 2.37 விநாடி ஆகும். அந்த எண்ணைப் பேனல் எதிர்பார்க்கவில்லை. கூடுமா குறையுமா, ஏன் என்பதைத்தான் கேட்டார்கள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், பிறகு நான் பார்த்த நல்ல பேனல்கள் எல்லாமே இப்படித்தான் நடந்தன. சென்னை தரமணியில் இருக்கும் மேட்சயின்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) ஆகட்டும், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகட்டும், பிஎச்டி என்றால் இனி ஐந்தாறு வருடம் உங்களோடு உட்கார்ந்து யோசிக்கப் போகிறவர்கள் அவர்கள். விடை தெரியாத இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பதற்குத்தான் அந்த அரைமணி நேரம். இடையில் ஒருவர் புதிதாக ஒன்று கேட்டால் அது பெரும்பாலும் உதவி. எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மூன்று வாரத்தில் எல்லாப் பாடத்தையும் புரட்டாதீர்கள். இரண்டு பாடம் போதும். பெரிதாகத் தோன்றும் என்று குவாண்டம் ஃபீல்டு தியரி சொல்ல வேண்டாம், உண்மையிலேயே பிடித்ததைச் சொல்லுங்கள். ஒவ்வொரு கணக்கையும் சமன்பாடு எழுதும் முன் படமாக வரைந்து பாருங்கள். உதாரணத்துக்கு, இரண்டே ஆற்றல் நிலைகள் உள்ள அமைப்பின் வெப்ப ஏற்புத்திறன், அதாவது வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டத் தேவைப்படும் ஆற்றல். வெப்பநிலை மிகக் குறைவாக இருந்தால் எல்லாம் கீழ் நிலையில் கிடக்கும், மேலே தூக்க ஆற்றல் போதாது, ஆகவே பூஜ்யம். மிக அதிகமானால் இரண்டு நிலையிலும் பாதிப் பாதி, அதற்கு மேல் வாங்கிக்கொள்ள இடமில்லை, மறுபடி பூஜ்யம். நடுவில் ஒரு மேடு வந்தாக வேண்டும். ஒரு வரி கணக்கு இல்லாமல் வரைபடம் வந்துவிட்டது பாருங்கள். எனக்கு இதைச் செய்யச் செய்யத்தான் இயற்பியல் மேலேயே தனிப் பிரியம் வந்தது.

அப்புறம் ப்ராஜெக்ட். நம் ஊர்க் கல்லூரிகளில் பாதிப் பேர் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் செய்திருப்போம். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடம்) எடுத்து, 36.2 டிகிரி பக்கத்தில் வரும் உயரமான முகட்டின் அகலத்தை முகட்டின் அகலத்திலிருந்து துகளின் அளவைத் தரும் ஷெரர் சூத்திரத்தில் போட்டு, துகளின் அளவு இத்தனை நானோமீட்டர் என்று எழுதியிருப்போம். அந்தச் சூத்திரத்தில் அலைநீளம் என்று போட்ட 1.54 ஆங்ஸ்ட்ராம் எங்கிருந்து வந்தது? தாமிரத்திலிருந்து வரும் கே ஆல்ஃபா என்ற எக்ஸ் கதிர் என்று சொல்லத் தெரிய வேண்டும். துகள் சிறிதானால் முகடு ஏன் அகலமாகிறது? கருவியாலேயே வரும் அகலத்தைக் கழித்தீர்களா? கழிக்கவில்லை என்றால் கழிக்கவில்லை என்றே சொல்லுங்கள். கழித்திருந்தால் அளவு கூடியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

ஆங்கிலம் பற்றி: இலக்கணம் தவறியதற்காக யாரையும் வெளியே அனுப்பியதை நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமல் நிற்பதுதான் ஆபத்து. தினமும் காலி வகுப்பறை ஒன்றில் சாக்பீஸோடு நின்று, எழுதுவதைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருபது நிமிடம் போடுங்கள். வேறு துறை நண்பர் ஒருவரை உட்கார வைத்து "ஏன்?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் யோசிக்கலாமா", "முதலில் எளிய நிலையை எடுத்துக்கொள்கிறேன்", "இங்கே குறி தப்பு, திருத்துகிறேன்" என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். இரண்டாம் வருடம் என் இன்டர்வியூவில் பாதி நேரம் இந்த மூன்றைத்தான் சொன்னேன். நடுவில் ஒரு மைனஸ் குறி தப்பி, நானே நிறுத்தித் திருத்தினேன். அதுவரை பேசாமல் இருந்த பேராசிரியர் அப்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "குட், மேலே சொல்லுங்கள்" என்றார்.