கிண்ணம்போல் வளைந்த காசு யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

கே: துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி இஸ்தான்புல்லுக்குச் சுற்றுலா போனபோது கடைத்தெருவில் ஒரு பழைய காசு வாங்கி வந்தான். கறுப்பாக, கிண்ணம்போல் குழிந்திருக்கிறது. நசுங்கிப் போனதா, செய்யும்போதே அப்படித்தானா? யாருடைய காசு? படம் அனுப்பியிருக்கிறேன். – கீழக்கரை வாசகர்

ப: நசுங்கவில்லை. அடிக்கும்போதே அப்படி வளைத்து அடித்த வகை அது. படத்தில் தெரிவதை வைத்துச் சொல்கிறேன். புடைத்த பக்கத்தில் அரியணையில் அமர்ந்த இயேசு, தலைக்கு இருபுறமும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரின் சுருக்கம். குழிந்த பக்கத்தில் மார்பளவுக்கு அரசர், ஒரு கையில் சிலுவை வைத்த செங்கோல், இன்னொரு கையில் சிலுவை வைத்த உருண்டை. முடியிலிருந்து இரண்டு கன்னத்தோரமும் சரமாகத் தொங்குகிறதே, அது முத்து. முத்துக்குளித்த ஊர்க்காரர் நீங்கள், அதைக் கவனித்திருப்பீர்கள்.

இது கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 1081 முதல் 1118 வரை ஆண்ட பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் வெளியிட்ட காசின் அமைப்பு. தங்கம் இல்லை, செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்து, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சும் கொடுத்தது. அசலான காசுகளில் குழியின் இடுக்குகளில் சாம்பல் மினுக்கம் ஒட்டியிருந்தால் அது அந்தப் பூச்சின் மிச்சம். ஆனால் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதில் போலி அதிகம், படத்தை மட்டும் வைத்து அசல் என்று நான் சொல்ல மாட்டேன். அசலாகவே இருந்தாலும் சிக்கல்தான்: துருக்கியிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டுவருவது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடித்தால் ஜெயில்வரை போகும். இன்னொரு முறை வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கே: பைசாந்தியத் தங்கக்காசுக்கு உலகம் முழுக்க மதிப்பு இருந்தது என்றும், பிறகு அது கெட்டுப்போய் அலெக்சியோஸ்தான் சரிசெய்தார் என்றும் படித்தேன். எப்படிக் கெட்டது? – தொண்டி, கல்லூரி மாணவி

ப: அந்த மதிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு நமக்கு எதிர்க்கரையிலேயே ஒரு கதை இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் எழுதிவைத்தது. இலங்கை அரசர் முன்னால் சோபட்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் ஒரு பாரசீகரும் நிற்கிறார்கள். உங்கள் இருவரின் ராஜாக்களில் யார் பெரியவர் என்று அரசர் கேட்க, பாரசீகர் முந்திக்கொண்டு எங்கள் ராஜாதான் என்கிறார். சோபட்ரோஸ் வாதாடவில்லை, இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ரோமானியத் தங்கக்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் காட்டச் செய்கிறார். அரசர் இரண்டையும் பார்த்துவிட்டு ரோமர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தத் தங்கக்காசு 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் கான்ஸ்டன்டைன் ஏற்படுத்தியது. ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்துக்கு 72 காசு, ஒன்று சுமார் நாலரை கிராம், ஏறக்குறைய 24 காரட். ஏழு நூற்றாண்டு அதே எடை, கிட்டத்தட்ட அதே மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை. நடுவில் எத்தனையோ போர், எத்தனையோ ஆட்சிக் கவிழ்ப்பு, எகிப்தும் சிரியாவும் கைவிட்டுப் போயின, அப்படியும் காசில் பெரிதாகக் கைவைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

சரிவு 11ஆம் நூற்றாண்டில். நான்காம் மைக்கேல் காலத்தில் லேசாக ஆரம்பித்தது, ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042–1055) காலத்தில் 18 காரட்டுக்கு வந்தது. 1071இல் மான்சிகெர்ட்டில் செல்ஜுக் துருக்கியரிடம் தோற்று, அடுத்த பத்து வருடத்துக்குள் அனத்தோலியாவின் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) பெரும்பகுதி போனது, அதோடு அந்த மண்ணின் வரியும் போனது. வரவு இல்லை, படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அப்போது ஒவ்வொரு அரசரும் செய்தது ஒன்றுதான், உருக்கும்போது வெள்ளியைக் கூடக் கொஞ்சம் போடுவது. மூன்றாம் நிக்கெபோரோஸ் (1078–1081) காலத்தில் அது 8 காரட்.

இங்கேதான் பாடப்புத்தகம் ஒரு முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கடைசிப் படி வரைக்கும் அந்தக் காசை இறக்கியவரும் அலெக்சியோஸ்தான்! 1081 ஏப்ரலில் படையோடு வந்து அரியணையைப் பிடித்தார், அதே அக்டோபரில் இன்றைய அல்பேனியாவில் உள்ள திர்ராக்கியத்தில் தென் இத்தாலியிலிருந்து வந்த இராபர்ட் கிஸ்காரின் நார்மன் படையிடம் படுதோல்வி. கஜானா காலி. தேவாலயங்களின் தங்கம், வெள்ளிப் பாத்திரங்களை எடுத்து உருக்கினார், கால்செடோன் ஆயர் லியோ அதைப் பகிரங்கமாக எதிர்த்துச் சண்டை போட்டார். அதுவும் போதாமல் காசையும் கெடுத்தார். முதல் பத்தாண்டின் முடிவில் தங்கக்காசு என்று வெளிவந்ததில் தங்கம் பேருக்குத்தான் இருந்தது. சோனராஸ் என்ற வரலாற்றாசிரியர் இன்னொன்றும் சொல்கிறார்: அரசர் தன் செலவுக்குச் செம்பைக் கொடுத்துவிட்டு, வரியை மட்டும் நல்ல தங்கத்தில் கேட்டாராம். குடியானவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள், பையில் பல மாற்றுக் காசு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், வரி வசூலிப்பவர் எதை ஏற்றுக்கொள்வார் என்பது அவர் இஷ்டம்.

1091 ஏப்ரலில் லெவூனியனில், குமன் என்ற நாடோடிக் குதிரைவீரர்கள் துணையோடு, வடக்கிலிருந்து படையெடுத்த பெச்சினேகர் என்ற இன்னொரு நாடோடிக் கூட்டத்தை அலெக்சியோஸ் முறியடித்தார். மூச்சுவிட அவகாசம் கிடைத்ததும், 1092இல், பழையதை ஒட்டுப்போடாமல் மொத்தமாகப் புது நாணய முறையையே கொண்டுவந்தார். எனவே கெடுத்தவர், சரிசெய்தவர் இரண்டும் அவரே. இதில் ஒன்றை மட்டும் சொல்லி அவரைப் புகழ்வதும் திட்டுவதும் சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

கே: புதுக்காசு 20½ காரட் என்கிறார்கள். திருத்துவது என்று இறங்கியபின் 24க்கே போயிருக்கலாமே? – ராமநாதபுரம், நகைத்தொழில் செய்பவர்

ப: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. நீங்கள் விற்கும் 916 நகையைவிடக் கொஞ்சம் குறைவான மாற்று, எடை சுமார் 4.45 கிராம், அதாவது அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். பெயர் ஹைப்பர்பைரான்.

என் பார்வையில் அவர் சாதனை மாற்றை உயர்த்தியதில் மட்டும் இல்லை, விகிதத்தைக் கட்டியதில் இருக்கிறது. ஒரு ஹைப்பர்பைரானுக்குத் தங்கமும் வெள்ளியும் கலந்த காசு 3, கீழக்கரை வாசகரிடம் இருக்கிறதே அந்தச் செம்பு-வெள்ளிக் காசு 48, அதற்கும் கீழே சில்லறைக்குத் தனிச் செம்புக்காசு. மேல்மூன்றும் வளைந்தவை, செம்பு மட்டும் தட்டை, தடவினாலே தெரிந்துவிடும். இது தங்கம், இது கலப்பு, இது செம்பு என்று ஒவ்வொன்றும் தான் என்னவோ அதையே சொன்னது, முந்தைய இருபது வருடம் இல்லாமல் போனது அந்த நேர்மைதான். வரிக்கணக்கை இந்தப் புதுக்காசுக்கு மாற்றிச் சீராக்கும் வேலை 1106 முதல் 1109 வரை நடந்தது. மாற்று நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக அசையவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மறுபடி இறங்க ஆரம்பித்து, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் அடிப்பதே நின்றது.

தங்கக்காசைக் கையில் எடுத்தால் முன்பக்கம் அமர்ந்த இயேசு, பின்பக்கம் நின்ற கோலத்தில் அரசர், வலது மேல்மூலையில் மேகத்திலிருந்து நீள்வதுபோல் கடவுளின் கை மட்டும், முடிசூட்டுகிறது. எழுத்து ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிகிறது. முன்னால் ‘ஆண்டவரே, உதவி செய்யும்’, பின்னால் ‘அரசர் அலெக்சியோஸ் கொம்னெனோசுக்கு’. குடும்பப் பெயரைக் காசிலேயே போட்டிருக்கிறார். அப்புறம், அதே 1092இல் நாலைந்து வயது மகன் யோவானுக்கு முடிசூட்டி, அதற்கென ஒரு கலப்புக் காசும் அடித்தார். ஒரு பக்கம் சிறுவனுக்கு இயேசு முடிசூட்டுகிறார், மறுபக்கம் அப்பா அலெக்சியோசும் அம்மா ஐரீனும் நடுவே ஒரு சிலுவையைப் பிடித்து நிற்கிறார்கள். இந்தச் சீர்திருத்தத்துக்கு ஆண்டு குறிக்க ஆய்வாளர்களுக்கு உதவியதும் இந்தக் காசுதான்.

கே: அவர் மகளே அவரைப் பற்றி வரலாறு எழுதினாராமே? – மண்டபம்

ப: ஆமாம், அன்னா கொம்னேனா. போர், சதி, சிலுவைப்படை வந்தது, 1097இல் நிக்கேயா நகரம் துருக்கியரிடமிருந்து திரும்பக் கிடைத்தது என்று அப்பாவின் ஆட்சியை விரிவாக எழுதியிருக்கிறார். நாணயச் சீர்திருத்தத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைக் காசுகளை எடைபோட்டும் சோதித்தும் அடுக்கி மீட்டெடுத்தவர் மைக்கேல் ஹெண்டி என்ற ஆய்வாளர், 1960களில்.

கே: அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் ஆட்சி? – ராமேஸ்வரம், ஆசிரியை

ப: முதல் குலோத்துங்க சோழன். 1070இல் பட்டத்துக்கு வந்து 1120 வாக்கில் வரை, அலெக்சியோசின் ஆட்சி முழுவதும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். பாண்டிய நாடு சோழர் கையில், இலங்கை அப்போதுதான் விஜயபாகுவின் கீழ் சோழரிடமிருந்து விடுபட்டிருந்தது.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு ஒப்பீடு தருகிறேன். குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்தவன்’ என்று பட்டம். அலெக்சியோசும் சுங்கம் தவிர்த்தார், ஆனால் நார்மன்களை எதிர்க்கக் கப்பல் கொடுத்த வெனிஸ் வணிகர்களுக்கு மட்டும். சரக்கு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரியை அவர் சொந்த வணிகர்கள் கட்டிக்கொண்டிருக்க, வெனிஸ்காரர் சும்மா உள்ளே வந்தார்கள். அன்றைய நெருக்கடியில் வேறு வழி இல்லைதான். இருந்தாலும் நல்ல காசைக் கொடுத்த அதே அரசர், அந்தக் காசு புழங்கும் சந்தையைப் பிறர் கையில் கொடுத்தார் என்பதை நான் குறையாகவே பார்க்கிறேன். 1204இல் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடிய படையைக் கப்பலில் கொண்டுவந்ததும் வெனிஸ்தான்.

கே: இப்படிப்பட்ட காசு நம் கடற்கரையில் கிடைக்குமா? மழை பெய்தால் எங்கள் பக்கம் பழைய காசுகள் மேலே வரும். – தேவிபட்டினம்

ப: அலெக்சியோஸ் காசை எதிர்பார்க்காதீர்கள். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்தவை அதற்கு எழுநூறு வருடம் முந்தைய, 4ஆம் நூற்றாண்டுக் கடைசி ரோமானியச் செம்புக்காசுகள். பைசாந்தியத் தங்கம் தென்னிந்தியாவுக்கு வந்தது 5, 6ஆம் நூற்றாண்டுகளில், கர்நாடகத்தின் அக்கி ஆலூரில் குவியலாகவே கிடைத்தது. உங்கள் பக்கம் மழையில் மேலே வருவது பெரும்பாலும் ஒரு பக்கம் நின்ற மனிதனும் மறுபக்கம் அமர்ந்த மனிதனும் உள்ள ராஜராஜன் வகைச் செம்புக்காசாக இருக்கும். காளை உருவமும் ‘சேது’ என்ற எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளுடையது.

எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எடுத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து, காசோடு சேர்த்துக் கொடுங்கள்.